சனிக்கிழமைச் சம்பளமும் கிறிஸ்துமஸ் புடவையும்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் தையல் யூனிட் நடத்துகிறேன். டெய்லர், செக்கிங், கைமடி எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். முழுக்க ஜாப் ஒர்க்தான். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியிடமிருந்து பணம் வர மூன்று மாதம்கூட ஆகிவிடுகிறது. அதனால் எல்லோருடைய இரண்டு வாரச் சம்பளத்தையும் எப்போதும் கையில் நிறுத்தி வைத்திருப்பேன். ஆட்கள் பாதியில் ஓடிவிடாமல் இருக்கவும் அது உதவுகிறது. செக்கிங் பார்க்கும் ஓர் அக்கா, கணவர் இல்லாதவர், மகளின் காலேஜ் ஃபீசுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். கொடுத்தேன். வெளியில் ஐந்து வட்டி, பத்து வட்டி வாங்குகிறார்கள். நான் இரண்டு வட்டிதான் போட்டேன். ஈடாக அவருடைய ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் விழும். அதை எடுத்து மாதம் 400 வட்டிக்கும் 600 அசலுக்கும் பதினொரு மாதமாக வரவு வைத்து வருகிறேன். கடன் தீரும்வரை வேறு யூனிட்டுக்குப் போகக்கூடாது என்று பேச்சு. போன மாதம் டேமேஜ் பீஸ் அதிகமாகத் திரும்பி வந்ததால் செக்கிங் பெண்கள் எல்லோருடைய கூலியிலும் கொஞ்சம் பிடித்தேன்.

சென்ற ஞாயிறு ஆராதனையில் நீதிமொழிகள் 22:22 பிரசங்கம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, “இது நமக்குத்தாங்க” என்றாள். நான் தசமபாகம் தவறுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் புடவை, வேட்டி, அரிசி மூட்டை கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கொடுத்திருக்கிறேன். சோம்பேறியை அதே நீதிமொழிகள் கண்டிக்கிறது. வழக்கில் ஏழைக்குப் பட்சபாதம் பண்ணாதே என்றும் வேதம் சொல்கிறது. அப்படியிருக்க, நான் எப்படிக் கொள்ளைக்காரன் ஆவேன்? எல்லாவற்றையும் சரிசெய்தால் சபையில் சாட்சியாகச் சொல்லலாமா?

பதில்: சகோதரருக்கு ஸ்தோத்திரம். வட்டி விகிதம் முதற்கொண்டு எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டம்மா சொன்னது சரி.

வசனத்தை முழுதாக ஒருமுறை பார்ப்போம். “ஏழையாயிருக்கிறான் என்று ஏழையைக் கொள்ளையிடாதே, சிறுமையானவனை நியாயஸ்தலத்தில் உபத்திரவப்படுத்தாதே. கர்த்தர் அவர்களுக்காக வழக்காடி, அவர்களைக் கொள்ளையிடுகிறவர்களுடைய பிராணனைக் கொள்ளையிடுவார்.” கொள்ளை என்றதும் நமக்கு அரிவாளும் முகமூடியும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த வசனத்தில் வருகிறவனோ பகல் வெளிச்சத்தில், கணக்கு நோட்டோடு, நியாயஸ்தலத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் ஏன் ஏழையிடம் எடுக்கிறான் என்பதற்கு வசனமே காரணம் சொல்லிவிடுகிறது: ஏழையாயிருக்கிறான் என்றுதான். எடுத்தால் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பார்ட்டி பணம் மூன்று மாதம் இழுத்தடிக்கும்போது நீங்கள் யாருக்கெல்லாம் நிறுத்தி வைக்கிறீர்கள்? ஈபி பில்லை நிறுத்த முடியாது, ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். கட்டட வாடகையை நிறுத்தினால் ஓனர் வாசலில் வந்து நிற்பார். மெஷின் லோன் தவணை தவறினால் பேங்கிலிருந்து ஃபோன் வரும். கடைசியில் நிறுத்தி வைக்க முடிந்தது தையல்காரர் சம்பளத்தையும் கைமடிப் பெண்களின் கூலியையும் மட்டும்தான். உங்களிடம் இருக்கிறவர்களில் கையில் காசே இல்லாத பதினாறு பேர், அவர்களை விடப் பல மடங்கு பெரிய ஒரு கம்பெனிக்கு, உங்கள் வழியாக வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

பழைய ஏற்பாடு கற்பிக்கிறவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நீதிமொழிகள் 22:17-இல் ‘ஞானிகளின் வார்த்தைகள்’ என்று ஒரு புதுப் பகுதி தொடங்குகிறது. ஐந்து வசனம் முன்னுரை. அது முடிந்ததும் முதல் கட்டளையே இதுதான். எகிப்தில் அமெனெமோபே என்ற ஞானி எழுதிய போதனை நூல் ஒன்று உண்டு. அதன் பாப்பிரஸ் சுருள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, 1923-இல் பதிப்பித்தார்கள். நீதிமொழிகளின் இந்தப் பகுதியோடு வரிக்கு வரி ஒத்துப்போகிற இடங்கள் அதில் பல. அங்கேயும் முதல் அதிகாரம் ‘காது கொடுத்துக் கேள்’ என்கிறது, இரண்டாவது அதிகாரம் எளியவனைக் கொள்ளையிடாதே என்று ஆரம்பிக்கிறது. இரண்டு நாட்டு ஆசிரியர்களும் அதிகாரத்தில் உட்காரப் போகிற இளைஞர்களுக்கு இதைத்தான் முதல் பாடமாக வைத்தார்கள். 

இனி சம்பளம். உபாகமம் 24:15 கூலிக்காரனைப் பற்றி, “அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்” என்கிறது. காரணமும் கூடவே வருகிறது: அவன் ஏழை, அதன்மேல் ஆவலாக இருக்கிறான். லேவியராகமம் 19:13-ம் கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. ஓர் இரவுகூடக் கூடாது என்று சொல்கிற வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு எப்படிச் சமாதானம் சொல்வது? திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம்தான் வழக்கம் என்பது தெரியும். வாரக் கூலி என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் வாரக் கூலியே இருக்கட்டும். ஆனால் இந்தச் சனிக்கிழமைக்கு உரியது இந்தச் சனிக்கிழமை கைக்கு வர வேண்டும். நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தினக்கூலி ஷிஃப்ட் முடியும்போது, வாரக்கூலி வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளில், மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழு தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும்.

ஓடிவிடாமல் இருக்க உதவுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒருவருடைய உழைப்புக்கு உரிய பணத்தை அவர் காலில் கட்டுகிற சங்கிலி ஆக்கிவிட்டீர்கள். அந்த அக்காவிடம் பேசி வைத்த பேச்சு அதைவிட மோசம். முன்பணம் கொடுத்ததைக் காட்டி ஒருவர் வேறு இடத்தில் வேலைக்குப் போகும் உரிமையைத் தடுப்பது, 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும்தான் கொத்தடிமை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபேன் ஓடுகிற தையல் யூனிட்டிலும் இருக்கலாம். அந்தப் பேச்சை முதலில், எல்லோர் முன்னிலையிலும், வாய்விட்டு ரத்து செய்யுங்கள்.

அடுத்து ஏடிஎம் கார்டு. வேதம் அடகை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவில்லை. எதை அடகாக வாங்கலாம், எப்படி வாங்கலாம் என்பதில்தான் கறாராக இருக்கிறது. உபாகமம் 24:6-இன்படி திரிகையின் அடிக்கல்லையும் வாங்கக்கூடாது, மேற்கல்லையும் வாங்கக்கூடாது. அது ஜீவனை அடகு வாங்குவது போல. அந்தக் காலத்து வீட்டில் மாவு சேமித்து வைக்கிற வழக்கம் இல்லை. அன்றன்றைக்கு வேண்டியதைப் பெண்கள் அன்றன்றைக்கு அரைத்தால்தான் அப்பம். மேற்கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதும், அடிக்கல் சும்மா கிடக்கும், வீடு பட்டினி. கடன் கொடுத்தவனுக்கு அந்தக் கல்லால் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. கடன்பட்டவளுக்கோ அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதனால்தான் அது நல்ல பிணை என்று கடன்காரன் நினைக்கிறான், அதனால்தான் வேதம் அதைத் தடுக்கிறது.

இன்னும் நான்கு வசனம் தள்ளிப் படியுங்கள். அடகு வாங்கப் போகிறவன் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், எதைக் கொடுப்பது என்று அவனே தீர்மானித்து எடுத்து வருவான். ஏழையின் போர்வையை வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாத்திராகமம் 22:27-இல் அதற்குச் சட்ட மொழி போதாமல் ஒரு கேள்வியே எழுந்துவிடுகிறது: “வேறு எதினாலே போர்த்துப் படுத்துக்கொள்ளுவான்?” நீங்கள் கார்டையும் பின் நம்பரையும் வைத்துக்கொண்டு மாதாமாதம் அந்த அக்காவின் கணக்குக்குள் போய் வருகிறீர்கள். வீட்டுக்குள் நுழைவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பின் நம்பரை இன்னொருவர் பயன்படுத்துவதை வங்கியும் ஏற்பதில்லை என்பது தனி விஷயம்.

வட்டி விஷயத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முன் 445-ஐ ஒட்டிய காலம். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், கட்டுகிற வேலை நடக்கிறது. பஞ்சமும் பாரசீக ராஜாவின் வரியும் சேர்ந்து நெருக்க, ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டார்கள். குமாரத்திகளில் சிலர் அடிமையாகவே போய்விட்டார்கள். கடன் கொடுத்தது யார்? வெளியார் அல்ல, கூட அலங்கம் கட்டுகிற யூதப் பிரபுக்கள். அவர்கள் தண்டிவந்த வட்டி நூற்றுக்கொன்று. மாதத்துக்கு ஒன்று என்று பொருள் கொள்வதே வழக்கம். நம் கணக்கில் ஒரு வட்டி. அங்கே அதிபதியாயிருந்த நெகேமியா கோபப்பட்டுச் சபையைக் கூட்டியது அந்த ஒரு வட்டிக்கு. தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, நிலத்தோடு அந்த வட்டியையும் “இன்றைக்கு” திருப்பிக் கொடுங்கள் என்றார். ‘சரி, கொடுத்துவிடுகிறோம்’ என்று அவர்கள் சொன்னதோடும் விடவில்லை. ஆசாரியர்களை அழைத்து ஆணையிட வைத்தார். வாய்ப்பேச்சை நம்பாத மனுஷர் அவர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

மெஷின் வாங்க பேங்க் கொடுக்கிற லோனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22:25 பேசுவது முட்டுப்பாட்டுக்குக் கடன் வாங்குகிற ஏழையைப் பற்றி. மகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் உங்களிடம் வந்த அக்கா அந்த வகை. வெளியில் ஐந்து வட்டி என்பது உங்கள் இரண்டு வட்டியை நியாயம் ஆக்கிவிடாது. வரவுக் கணக்கையும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 600 வீதம் அசல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பதினொரு மாதமும் வட்டி மட்டும் 400-லிருந்து ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. இரண்டு வட்டி என்று சொல்லிவிட்டு அதற்கும் மேலே வாங்கியிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் ஈபி கணக்கில் இப்படி ஒரு பிழை இருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பீர்கள், இல்லையா?

டேமேஜ் பீஸ் பிடித்தத்துக்கு வருகிறேன். 1960-இல் இஸ்ரேலின் கடலோரத்தில், யவ்னே-யாமுக்குத் தெற்கே மெசாத் ஹஷவ்யாகு என்ற பழைய கோட்டையை யோசேப் நாவே என்ற ஆய்வாளர் தோண்டினார். கோட்டை வாசலை ஒட்டிய காவல் அறையில் மையால் எபிரேய எழுத்து எழுதிய பானை ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, யோசியா ராஜாவின் காலமாகக் கருதப்படுகிறது. அதில் ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்கு மனு கொடுக்கிறான். ‘உம்முடைய அடியான் அறுப்புக்காரன். அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன். சோபாயின் மகன் ஹோஷயாகு வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான். வெயில் கொதிப்பில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லோரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள். நான் குற்றமற்றவன். என் வஸ்திரத்தைத் திரும்பத் தாரும்.’ மேற்பார்வையாளன் வேலை குறைகிறது என்று சொல்லிப் பிடுங்கியிருப்பான் போலிருக்கிறது. இந்த ஆள், அளந்து போட்டேன், சாட்சி இருக்கிறது என்கிறான்.

கடைசி வரிகள் சிதைந்திருக்கின்றன. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் வாசிப்பில், திருப்பித் தருவது உமது கடமை என்று தோன்றாவிட்டால், இரக்கத்துக்காகவாவது தாரும் என்று அவன் முடிக்கிறான். வரிசையைக் கவனியுங்கள். முதலில் நியாயம் கேட்கிறான். அது கிடைக்காமல் போனால்தான் இரக்கம். உங்கள் யூனிட்டில் இது தலைகீழாக இருக்கிறது. இரக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, நியாயத்தைக் கேட்க இடமே இல்லை.

செக்கிங் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? டேமேஜ் தையலில் வந்ததா, துணியிலேயே ஓட்டை இருந்ததா, அயர்னில் கறை பட்டதா? அன்றைக்கு நைட் ஷிஃப்ட்டில் அவசர லோடு என்று பார்க்க நேரம் கொடுக்காமல் பேக் செய்யச் சொன்னது யார்? எல்லோருடைய கூலியிலும் கொஞ்சம் பிடித்தேன் என்றால், குற்றம் யாருடையது என்று தெரியவில்லை என்றுதானே பொருள்? யோபு 31-ஆம் அதிகாரத்தில் தன் வேலைக்காரனோ வேலைக்காரியோ தன்னோடு வழக்காடும்போது அவர்கள் நியாயத்தை அசட்டை பண்ணியிருந்தால், தேவன் எழும்பும்போது நான் என்ன செய்வேன் என்று கேட்கிறார். வேலைக்காரி முதலாளியோடு வழக்காடலாம் என்பதை அவர் இயல்பான காரியமாக எடுத்துக்கொள்கிறார்.

சோம்பேறி பற்றி நீங்கள் கேட்டதற்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எறும்பினிடத்தில் போய்ப் பார் என்பது சோம்பேறிக்குச் சொன்னது. அவனுக்கு வேலை கொடுத்தவன் கூலியைப் பிடிப்பதற்குக் கொடுத்த அனுமதி அல்ல. அதோடு நீதிமொழிகள் 13:23-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஏழையின் வயல் நன்றாக விளையும், ஆனால் நியாயம் கிடைக்காமல் கெட்டுப்போகிறவர்களும் உண்டு என்கிறது. எல்லா வறுமைக்கும் சோம்பல் காரணம் என்று நீதிமொழிகள் ஒருபோதும் சொல்லவில்லை. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரைக்கும் நின்றுகொண்டே பீஸ் பார்க்கிறவர்களைப் பற்றி நாம் இதைப் பேசுவதே கொஞ்சம் வெட்கக்கேடு.

ஏழைக்குப் பட்சபாதம் கூடாது என்பது யாத்திராகமம் 23:3. உண்மைதான், அதை மழுப்ப மாட்டேன். நாளைக்கே ஒரு டெய்லர் செய்யாத பீஸுக்குக் கூலி கேட்டால், ஏழை என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றே வசனம் தள்ளி, எளியவனுடைய வழக்கில் அவன் நியாயத்தைப் புரட்டாதே என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கேள்வி ஒன்றுதான்: அவருக்கு உரியது எவ்வளவு? உரியதைக் கொடுப்பது பட்சபாதத்தில் சேராது.

புடவையையும் அரிசியையும் நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான் என்கிற நீதிமொழிகள் 19:17 உங்களுக்கும் உரியது. ஆனால் கூலிக் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்து ஆட்களும் பக்தியில் குறை வைக்கவில்லை. பலிபீடத்துப் பக்கத்தில்தான் படுத்துக்கொண்டார்கள். விரித்திருந்தது அடகுக்கு வாங்கின ஏழையின் வஸ்திரம்.

என்ன செய்யலாம் என்றால், கார்டை நாளைக்கே அந்த அக்கா கையில் கொடுத்து, பின் நம்பரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வட்டி என்று எடுத்த 4,400 ரூபாயை அசலில் கழியுங்கள். அவரிடமிருந்து மொத்தம் 11,000 வந்துவிட்டது, மீதி 9,000. அதை எப்படி, எவ்வளவாகக் கட்டுவது என்பதை அவரே சொல்லட்டும். கட்டி முடிக்கும் முன் வேறு யூனிட்டில் கூடுதல் கூலி கிடைத்தால் போகட்டும், அங்கிருந்தும் கட்டலாம். சகேயு அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கணக்கை நான் உங்கள்மேல் சுமத்தவில்லை. டேமேஜ் பிடித்தத்தை இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நிறுத்தி வைத்த இரண்டு வாரச் சம்பளம் பெரிய தொகை. ஒரே வாரத்தில் புரட்ட முடியாது என்றால், எத்தனை வாரத்தில், யாருக்கு முதலில் என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். அதிகம் முட்டுப்பாட்டில் இருக்கிறவர் முதலில். கார் வாங்கக் கட்டுகிற தவணையோ தங்கச் சீட்டோ இருந்தால் அது அதற்கப்புறம்.

சாட்சி சொல்ல வேண்டாம். அந்தப் பதினாறு பேரில் நம் சபைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் பணத்தை அவர்களுக்கே கொடுத்ததற்கு நீங்கள் கைதட்டு வாங்குவது நன்றாக இருக்காது.

உங்கள் பார்ட்டி விஷயம் பாக்கி இருக்கிறது. வேலை வாங்கிவிட்டு மூன்று மாதம் காசு தராமல் இருப்பது உங்களுக்கு நடக்கிற அநியாயம். யாக்கோபு 5:4-இல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறதே, அதில் உங்கள் பில்லுக்கும் பங்கு உண்டு. இது என் துறை இல்லை என்றாலும், சபையில் நாலு ஜாப் ஒர்க்காரர்கள் இருந்தால் ஆயருக்கும் சட்டம் தெரிந்துவிடும். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியோடு கேட்கலாம். மாநில அரசின் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு போட வழி இருக்கிறது. மனு போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயப்படுவீர்கள். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று உங்கள் செக்கிங் அக்காவுக்கும் தெரியும். தனியாகப் போகப் பயமாக இருந்தால், அதே பார்ட்டியிடம் மாட்டிக்கொண்டிருக்கும் மற்ற யூனிட்காரர்களையும் சேர்த்துக்கொண்டு முதலில் பேசிப் பாருங்கள். லூக்கா 18-இல் அநீதியான நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவையை இயேசு குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் வரட்டும், அப்புறம் சம்பளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் யூனிட் பேரில் உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இருக்கிறதா, எந்த வருஷம் எடுத்தது என்று எழுதுங்கள். சபையில் இந்த மனுக்களைக் கையாண்ட வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், பேசி வைக்கிறேன்.